‘தான்’ போகும் இடமெல்லாம் ‘ஓன்லி’ போகாது

பெங்களூரில் எந்த அலுவலகத்திலும் அரை நாள் உட்கார்ந்தால் போதும். ‘டுடே இட்செல்ஃப்’, ‘மண்டே ஓன்லி’, ‘ஐ டோல்ட் ஹிம் ஓன்லி’ மூன்றும் காதில் விழுந்துவிடும். சொல்பவர் சேலத்துக்காரர், அடுத்த இருக்கை ஹாசன், எதிரே விஜயவாடா, மேலாளர் கான்பூர். யாருக்கும் நெற்றி சுருங்காது. தமிழில் ‘இன்றே’, கன்னடத்தில் ‘இவத்தே’, தெலுங்கில் ‘ஈரோஜே’, இந்தியில் ‘ஆஜ் ஹீ’. நான்கு மொழியிலும் அழுத்தம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. அந்த வாலுக்கு ஆங்கிலத்தில் ஏதாவது வேண்டுமே என்று தேடி, ‘ஓன்லி’யையும் ‘இட்செல்ஃப்’பையும் பிடித்து ஒட்டிவிட்டோம். ஊருக்குள் இது செல்லும் காசு. லண்டனுக்கோ சிகாகோவுக்கோ மெயில் போகும்போதுதான் சிக்கல்: சில சமயம் செல்லாத காசாகிறது, சில சமயம் வேறு மதிப்புக்குச் செல்கிறது.

உதாரணத்துக்கு ஒரு மெயில். லண்டனிலிருந்து கேட்கிறார்கள்: அந்தக் கோப்பு உங்களுக்கு எப்போது வந்தது? இங்கிருந்து பதில் போகிறது: ‘வீ காட் இட் ஆன் மண்டே ஓன்லி’. எழுதியவர் சொல்ல வந்தது, ‘திங்கட்கிழமையே வந்துவிட்டது, சந்தேகம் வேண்டாம்’ என்பது. படித்தவருக்குப் புரிந்தது, ‘திங்கட்கிழமை வரைக்கும் வரவே இல்லை’ என்பது. அவ்வளவு தாமதமாகவா அனுப்பினோம் என்று அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். இங்கே இருப்பவருக்கோ, ஒரு சாதாரணப் பதிலுக்கு ஏன் இத்தனை கலவரம் என்று விளங்கவில்லை.

இந்தக் குழப்பத்தை விளக்க நம் இலக்கணத்திலேயே சரக்கு இருக்கிறது. நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு வேலை சொல்கிறது: பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை. நமக்கு வேண்டியது இரண்டு. கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்து, மற்றவை இல்லை என்று ஒதுக்குவது பிரிநிலை. ஐயமில்லை, உறுதி என்று சொல்வது தேற்றம். பேச்சுத் தமிழின் ‘தான்’ இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. ‘பையில பத்து ரூபாதான் இருக்கு’ என்றால் பிரிநிலை. ‘நீ சொல்றது உண்மைதான்’ என்றால் தேற்றம். ஆங்கிலத்தின் ‘ஓன்லி’க்குத் தெரிந்தது பிரிநிலை மட்டும். தேற்றத்துக்கு அதைக் கூப்பிட்டால், அது தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

ஆகவே வாக்கியத்தின் கடைசியில் ‘ஓன்லி’ வந்து நின்றால் செய்ய வேண்டிய சோதனை இது. அந்த இடத்தில் ‘மட்டும்’ என்று தமிழில் போட்டுப் பாருங்கள். பொருந்தினால் ‘ஓன்லி’ சரி. ஆனால் அதைச் சொல்லுக்கு முன்னால் நகர்த்த வேண்டும், ‘ஓன்லி டென் ருபீஸ்’ என்று. ‘மட்டும்’ பொருந்தாவிட்டால் அந்தச் சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ஒன்றும் குறையாது, அப்படியே அடித்துவிடலாம். ‘ஐ ஆம் கமிங் டுமாரோ ஓன்லி’யில் ‘ஓன்லி’ போனால், நாளைக்கு வருவது போய்விடாது.

அடித்தால் ஏதோ குறைகிறது என்று தோன்றினால், அங்கே இருப்பது என்ன வகைத் ‘தான்’ என்று பார்க்க வேண்டும். ‘அவன்தான் சொன்னான்’ என்பதில் ஆளைச் சுட்டுகிறோம். ஆங்கிலம் அதற்கு வாக்கியத்தையே பிளக்கும்: ‘ஹீ இஸ் த ஒன் ஹூ செட் இட்’. ‘இப்பதான் வந்தேன்’ என்றால் ‘ஐ ஹாவ் ஜஸ்ட் அரைவ்டு’. ‘நான் பெங்களூர்லதான் இருக்கேன்’ என்பது, ஊர் மாறிவிட்டீர்களா என்ற கேள்விக்குப் பதிலானால், ‘ஐ ஆம் ஸ்டில் இன் பெங்களூர்’. ஒரு ‘தான்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது வாக்கிய அமைப்பாகிறது, ‘ஜஸ்ட்’ ஆகிறது, ‘ஸ்டில்’ ஆகிறது. ‘ஓன்லி’ ஆவது ஒரே ஓர் இடத்தில்தான்.

‘இட்செல்ஃப்’ கதையும் இதேதான், கொஞ்சம் வேறு சாயலில். ஆங்கிலத்தில் அது பெயர்ச்சொல்லைத் தொற்றிக்கொண்டு நிற்கும். ‘த கோட் இட்செல்ஃப் இஸ் ஃபைன்’ என்றால், மென்பொருள் நிரலில் தவறில்லை, தவறு வேறெங்கோ என்று பொருள். அது சரியான ஆங்கிலம், நல்ல பிரிநிலையும்கூட. இன்று, நேற்று, இங்கே, இப்போது போன்ற காலம், இடம் காட்டும் சொற்களோடு அது சேராது. அங்கே நம் ஏகாரத்துக்கு ஈடு, சொல்லுக்குச் சொல் மாறும். இங்கேயே என்பது ‘ரைட் ஹியர்’, இப்போதே என்பது ‘ரைட் நவ்’. ‘நேத்தே சொன்னேனே’ என்பது ‘ஐ ஆல்ரெடி டோல்ட் யூ எஸ்டர்டே’. ‘1990லேயே’ என்றால் ‘ஆஸ் எர்லி ஆஸ் 1990’. அன்றைக்கே என்றால் ‘த வெரி சேம் டே’. பார்த்ததுமே என்றால் ‘த மொமன்ட் ஐ சா’. ஏகாரம் ஓர் எழுத்து. அதற்கு இத்தனை முகம்.

‘டுடே இட்செல்ஃப்’ விஷயத்தில் இலக்கணத்தைவிடக் கடிகாரம் முக்கியம். யாருடைய இன்று? கோடையில் லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. பெங்களூரில் மாலை 6 மணிக்கு ‘இன்றே வேண்டும்’ என்று எழுதினால், அங்கே கோடையில் பகல் 1.30, அவர்களுடைய ‘இன்று’ முடியும்போது இங்கே மறுநாள் அதிகாலை. அழுத்தச் சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘இந்திய நேரம் இரவு 8க்குள்’ என்று எண்ணைப் போடுவதே வலிமையான அழுத்தம்.

தேற்றத்துக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொந்தக் கருவி ‘டூ’வும் அதன் இறந்தகாலமான ‘டிட்’டும். பள்ளியில் இதைக் கேள்விக்கும் எதிர்மறைக்கும் உரியதாகவே படிக்கிறோம். நேர் வாக்கியத்தில் வந்தால், ‘இல்லை என்று நினைக்கிறாய், ஆனால் உண்டு’ என்று பொருள். இதற்குச் சரிக்குச் சரியான அமைப்பு தமிழில் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை: ‘நான் சொல்லத்தான் செய்தேன்’. செயலைச் செயவென் எச்சமாக்கி, அதாவது ‘சொல்ல’ என்று மாற்றி, ‘தான்’ போட்டு, ‘செய்’ என்ற துணைவினையில் காலத்தை ஏற்றுகிறோம். ‘ஐ டிட் டெல் யூ’வும் அச்சு அசல் இதே வேலைதான்: காலம் முழுவதும் ‘டிட்’டில், முதன்மை வினை மொட்டையாக. அதனால்தான் ‘வீ டிட் கம்ப்ளீட்டட்’ தவறு. ‘சொன்னேன்தான் செய்தேன்’ என்று யாராவது சொல்வார்களா? அதே கோளாறு.

மெயிலில் இந்த ‘டிட்’டை எடுத்து வீசுமுன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ‘ஐ டிட் சென்ட் த ரிப்போர்ட் ஆன் டியூஸ்டே’ என்றால், ‘அனுப்பவில்லை என்கிறீர்கள், அது தப்பு’ என்று விரல் நீட்டுகிறது. யாரும் மறுக்காதபோது இப்படி எழுதினால், வம்புக்கு இழுப்பதாகப் படும். நம்மவர்கள் மரியாதைக்காகவோ, ஒலிக்கு நன்றாக இருக்கிறதென்றோ சேர்ப்பது எதிர்மாறாக வேலை செய்கிறது. ‘டூ சிட் டவுன்’, ‘டூ லெட் மீ நோ’ என்று ஏவலோடு வந்தால் மட்டும் அது கனிவு. ‘உட்காருங்க, உட்காருங்க’ என்று இரண்டு முறை சொல்வதற்குச் சமம். ‘டூ’ தேவைப்படாத வினைகளில் சுருக்கத்தை விரிப்பதே அழுத்தம். ‘இட்’ஸ் ட்ரூ’ சாதாரணம். ‘இட் இஸ் ட்ரூ’ என்று விரித்து, ‘இஸ்’ மேல் குரலை ஏற்றினால் ‘உண்மைதான்’.

அடுத்து ‘அட் ஆல்’. இதற்கு ஒரு வாசற்கதவு உண்டு: எதிர்மறை, கேள்வி, ‘இஃப்’ மூன்றில் ஒன்று இருந்தால்தான் உள்ளே வரும். ‘ஐ டோன்ட் நோ அட் ஆல்’ சரி. ‘ஐ நோ அட் ஆல்’ வாக்கியமே இல்லை. தமிழ் ஆளுக்கு இது புது விதி இல்லை. ‘எனக்குத் துளியும் தெரியாது’ என்கிறோம். ‘எனக்குத் துளியும் தெரியும்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும். எள்ளளவும், இம்மியும், கொஞ்சங்கூட, மருந்துக்குக்கூட எல்லாமே ‘இல்லை’யைத் தேடி நிற்பவை. மிகச் சிறிய அளவு ஒன்றைச் சொல்லி, அதுகூட இல்லை என்று மறுப்பதால் மறுப்பு முழுமையாகிறது. இம்மி என்பதே பழைய கணக்கில் மிகச் சிறிய ஒரு பின்னத்தின் பெயர். ஆங்கிலமும் அதே தந்திரத்தைக் கையாள்கிறது: ‘இன் த லீஸ்ட்’, ‘இன் த ஸ்லைட்டஸ்ட்’. விரலைக்கூடத் தூக்கவில்லை என்று பொருள்படும் ‘டிடின்ட் லிஃப்ட் எ ஃபிங்கர்’, நம் ‘ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடலை’க்கு உடன்பிறப்பு. ‘டிடின்ட் ஸ்லீப் எ விங்க்’ என்பது பொட்டுத் தூக்கம் இல்லை. ‘வாட்சோஎவர்’ பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்கும்: ‘நோ ரீசன் வாட்சோஎவர்’. முன்னால் கொண்டுவந்தால் உடைந்துவிடும்.

கேள்வியில் ‘அட் ஆல்’ வரும்போது அழுத்தம் குறைந்து, வாசல் அகலமாகிறது. ‘டூ யூ ஸ்பீக் கன்னடா?’ என்றால் தெரியுமா தெரியாதா என்ற கேள்வி. கடைசியில் ‘அட் ஆல்’ சேர்த்தால், ‘கொஞ்சமாவது பேச வருமா?’ ‘இஃப்’போடு வருவதில்தான் நாம் சறுக்குகிறோம். ‘இஃப் அட் ஆல் யூ கம் டு பெங்களூர்’ இந்திய ஆங்கிலம். பிறர் அதை வாக்கியத்தின் வாலில்தான் வைப்பார்கள்: ‘ஹீ ரேர்லி கம்ஸ், இஃப் அட் ஆல்’, அதாவது வந்தால் உண்டு, அதுவும் அபூர்வமாக. முன்னால் வேண்டுமென்றால் ‘இஃப் யூ எவர் கம்’ போதும்.

பெயரில் உறவினர், குணத்தில் அந்நியர் இரண்டு பேர்: ‘பை நோ மீன்ஸ்’, ‘பை ஆல் மீன்ஸ்’. முதலாவது ‘ஒருபோதும் இல்லை’. இரண்டாவதை ‘எப்பாடுபட்டாவது’ என்று எடுத்துக்கொண்டு, ‘வீ வில் பை ஆல் மீன்ஸ் ஃபினிஷ்’ என்று எழுதுகிறார்கள். அது அனுமதிச் சொல்: ‘தாராளமாக எடுத்துக்குங்க’. எப்பாடுபட்டாவது என்பதற்கு ‘வாட்எவர் இட் டேக்ஸ்’ இருக்கிறது.

‘வாட் ஆன் எர்த்’ கேள்விப்பட்டிருப்பீர்கள். பூமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; நம் ‘என்னதான்’. ‘என்னதான் நடக்குது இங்கே?’ என்பதில் இருக்கும் எரிச்சல், வியப்பு இரண்டும் அதில் உண்டு. கேள்விச்சொல்லுக்கு அடுத்து உடனே நிற்க வேண்டும். ‘ஹூ ஆன் எர்த்’ (யார்தான்), ‘வேர் ஆன் எர்த்’ (எங்கேதான்). தமிழிலும் ‘தான்’ கேள்விச்சொல்லைத்தான் பிடிக்கிறது, பாருங்கள். ஆனால் ‘என்னதான் முயன்றாலும்’ என்ற வேறொரு ‘என்னதான்’ நம்மிடம் உண்டு. அதற்கு ‘நோ மேட்டர் ஹவ் ஹார்ட்’. வாடிக்கையாளருக்கு எழுதும் மெயிலில் ‘வாட் ஆன் எர்த்’ வேண்டாம். பூமிக்குப் பதில் நரகம் வரும் வடிவம் எங்குமே வேண்டாம்.

இனி உரிச்சொல் ஒட்டுகள். தமிழில் புத்தம் புதுசு, கன்னங்கரேல், செக்கச்செவேல், தன்னந்தனி, பட்டப்பகல், கும்மிருட்டு. ஒவ்வொன்றும் தன் துணையோடு மட்டும் வாழும், ‘செக்கப்புதுசு’ கிடையாது. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘பிட்ச் டார்க்’, ‘பிராண்ட் நியூ’, ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, ‘ஸ்டோன் டெஃப்’, ‘ஸ்டார்க் நேக்கட்’. மாற்றிப் பொருத்த முடியாது, மனப்பாடம்தான். ஆனால் மூலம் தெரிந்தால் மனதில் நிற்கும். ‘பிட்ச்’ என்பது தார் போன்ற கறுப்புக் கீல். ‘பிராண்ட்’ என்றால் எரியும் கட்டை. உலையிலிருந்து சுடச்சுட வந்த புதுசு. ‘ஃபாஸ்ட்’ இங்கே வேகமில்லை, பழைய பொருளில் ‘உறுதி’. அசைக்க முடியாத தூக்கம். ‘ஸ்டார்க்’ முதலில் ‘ஸ்டார்ட்’டாக இருந்தது, வால் என்று பொருள், வால் வரைக்கும் அம்மணம். சிவப்பு வாலுள்ள குருவிக்கு ‘ரெட்ஸ்டார்ட்’ என்று பெயர் இருப்பதில் அந்த வால் இன்னும் ஆடுகிறது. ‘ஹேண்ட்ஸ் டவுன்’ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. வெகுதூரம் முந்திவிட்ட ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கையைக் கீழே இறக்கிவிடுவார். நம்ம ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பந்தயம் பார்ப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

இரட்டிப்பதில் கவனம் வேண்டும். ‘புதுப் புது ஐடியா’ என்பதை ‘நியூ நியூ ஐடியாஸ்’ என்று போட்டால் நடக்காது. அங்கே தமிழ் அழுத்தவே இல்லை; ஒன்றுக்கொன்று வேறான பல புதுசுகளைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெயரை இரட்டித்தால் வேறு பொருள்: ‘காஃபி காஃபி’ என்றால் நிஜமான காபி, தூளும் டிகாக்‌ஷனும் போட்டது, இன்ஸ்டன்ட் இல்லை.

உரக்கச் சொல்லும் சொற்கள் எல்லா மொழியிலும் தேயும். ‘வெரி’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது ‘மெய்யான’ என்றே பொருள்; ‘த வெரி சேம் டே’யில் அந்தப் பழைய வாசனை மிச்சம். ‘ரியலி’, ‘ட்ரூலி’யும் உண்மையில் தொடங்கி அழுத்தத்தில் முடிந்தவை, நம் ‘நெசமாவே’ போல. ‘லிட்டரலி’க்கு எதிராக இன்று பல்லைக் கடிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம்: ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி அந்த மிகைப் பொருளுக்குக் காட்டும் எடுத்துக்காட்டு 1769ஆம் ஆண்டிலேயே தொடங்குகிறது. ‘டெரிபிளி குட்’, ‘ஆஃபுலி நைஸ்’ விந்தையாக இருந்தால், ‘பிரியாணி பயங்கரம்’ என்று நாம் பாராட்டுவதை நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி ‘டூ’, மிகுதியைக் குறிக்கும் ‘டூ’. தமிழ் ‘ரொம்ப’ இரண்டையும் சுமக்கிறது: ‘ரொம்ப நல்லா இருக்கு’, ‘ரொம்ப சூடு, குடிக்க முடியலை’. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு ‘வெரி’, இரண்டாவதுக்கு ‘டூ’; ‘டூ’வில் அளவு மிஞ்சியது என்ற குறை ஒளிந்திருக்கும். ‘யுவர் பிரைஸ் இஸ் டூ ரீசனபிள்’ என்று பாராட்டினால், ஏன் இவ்வளவு மலிவு, எங்கே கோளாறு என்று கேட்டதுபோல ஆகும்.

எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து: அழுத்தம்போலத் தெரிந்து தணிப்பவை. ‘க்வைட் குட்’ அமெரிக்கர் வாயில் ‘ரொம்பவே நல்லது’. பிரிட்டிஷ்காரர் வாயில் பெரும்பாலும் ‘பரவாயில்லை’. ஆண்டு மதிப்பீட்டில் இந்தச் சொல்லைப் பார்த்தால், எழுதியவர் எந்த ஊர் என்று முதலில் பாருங்கள். ‘க்வைட் எக்ஸலன்ட்’, ‘க்வைட் இம்பாசிபிள்’ என்று ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொல்லோடு வந்தால் மட்டும் இரு நாட்டிலும் ‘முழுக்க’. ‘வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் மரியாதையைத் தேடாதீர்கள். ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று தொடங்கும் தமிழ் வாக்கியம் எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியாததா?

இணைமொழிகளைச் சுருக்கமாக. ‘ஈச் அண்ட் எவ்ரி’, ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்’, ‘நல் அண்ட் வாய்டு’. வரிசை மாறாது, ‘பக்கம் அக்கம்’ என்று யாரும் சொல்லாததுபோல. கடைசியது பெங்களூரின் பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் தவறாமல் இருக்கும். சட்ட ஆங்கிலத்தில் இப்படி ஜோடிகள் மலிந்ததற்கு ஒரு காரணம், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு சட்டம் பேசிய மொழி லத்தீனும் பிரெஞ்சும், ஊர் பேசியது ஆங்கிலம். உயில் என்பதற்கு ஆங்கில வேரில் ஒன்று, லத்தீன் வேரில் ஒன்று என்று ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ சேர்ந்தது. பத்திரத்தில் இருக்கட்டும். மெயிலில் ‘ஈச் ஃபைல்’ போதும்.

எதிர்மறைத் தொடரை முன்னால் கொண்டுவந்து அழுத்தினால் ஒரு வேலை கூடுகிறது: வினை இடம் மாற வேண்டும். ‘அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ் ஷுட் யூ ரீஸ்டார்ட் த சர்வர்’. ‘யூ ஷுட்’ என்று நேராக எழுதினால், பொருள் புரியும், ஆனால் தடுக்கும். இந்தத் திருப்பம் கைவராதவரை ‘டூ நாட்’ என்று பிரித்து எழுதி முடித்துவிடலாம். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடிப்பது அழுத்தமில்லை, கத்தல்.

எழுத்தில் சொன்ன இத்தனையும் ஆங்கிலத்துக்கு இரண்டாம் வழி. முதல் வழி குரல். தமிழில் அழுத்தம் சொல்லில் ஒட்டி வருவதால் குரலை ஒரே மட்டத்தில் வைத்துப் பேசினாலும் பொருள் போய்ச் சேரும். ஆங்கிலம் கேட்பவர் குரல் ஏறும் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார். ‘ஐ டிடின்ட் அப்ரூவ் திஸ் சேஞ்ச்’. ‘ஐ’யில் ஏறினால்: நானில்லை, வேறு யாரோ. ‘டிடின்ட்’டில் ஏறினால்: கொடுக்கவே இல்லை. ‘அப்ரூவ்’வில் ஏறினால்: பார்த்தேன், ஒப்புதல் தரலை. ‘திஸ்’ஸில் ஏறினால்: ஒப்புதல் கொடுத்தது வேறொன்றுக்கு, இதுக்கில்லை. மாலைத் தொலைபேசிக் கூட்டத்தில் இதைச் சொல்லும்போது நான்கில் எது என்று எல்லோருக்கும் கேட்கும். கூட்டக் குறிப்பில் ஏறுவது ஒரே வரி, குரல் இல்லாமல். ஆகவே குறிப்பை அனுப்புமுன் அதை விரித்துவிட வேண்டும்: ‘தட் அப்ரூவல் டிட் நாட் கம் ஃப்ரம் மீ’ என்றோ, ‘ஐ அப்ரூவ்டு அ டிஃபரன்ட் சேஞ்ச்’ என்றோ.